பொருள் எண் ஏழு

சமுதாயக்கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை.
மின்வாரியத்துக்கு ஊராட்சி வைத்த பாக்கி பதினாறு லட்சம்.
முதலில் தெருவிளக்கைப் பிடுங்கினார்கள்,
பிறகு இதை.
தண்ணீர் மோட்டாரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்
இரக்கப்பட்டு,
அல்லது மறந்துபோய்.

நான் மேல்நிலைத் தொட்டி இயக்குபவன்.
மூன்று வால்வுக்கும் ஒரே சாவி,
நாலடி இரும்பு, தலை தேய்ந்தது.
கிழக்குத் தெருவுக்கு நாற்பது நிமிஷம்,
காலனிக்கு நாற்பது நிமிஷம்.
பதினொரு வருஷத்தில் யாருக்கும்
ஒரு நிமிஷம் கூட்டியதில்லை என்று சொல்ல ஆசைதான்.
ஒருமுறை கூட்டினேன்.
கல்யாண வீடு.

செயலர் எபினேசர் வாசிக்கிறார்:
'பொருள் எண் ஏழு. மதுரை மாநகராட்சியுடன்
நமது ஊராட்சியை இணைப்பது குறித்து.'
நெற்றி வியர்வை சொட்டி
'இணைப்பது' கொஞ்சம் ஊதாவாகக் கரைகிறது.

"நூறு நாள் வேலை போயிரும்ல?"
பஞ்சவர்ணம் கேட்டாள்.
போகாது என்று ஒருவரும் சொல்லவில்லை.
உள்ளங்கையைத் திருப்பி ஒருதரம் பார்த்துவிட்டு
உட்கார்ந்தாள்.

பேக்கரி சிக்கந்தருக்குக் கடை வாசலிலேயே சாக்கடை.
"நாலு மடங்கு வரி போட்டாலும் கட்டுறேன்.
பன்னு வாங்க வர்றவன் மூக்கைப் பொத்திக்கிட்டு வர்றான்."

பின்வரிசையில் யாரோ:
"போன தடவை சேந்த ஊர்லதான் என் தங்கச்சி இருக்கா.
வார்டு நம்பர் வந்துச்சு. வரி ரசீது வந்துச்சு.
தண்ணி மட்டும் இன்னும் வழி கேட்டுக்கிட்டு இருக்கு."

இணைப்பாம்.
மதுரை எங்களைக் கேட்காமலே வந்து வெகுகாலம்.
கண்மாய்க்கு வருகிற கால்வாயில்
முதலில் நுரையாக வந்தது.
அப்புறம் ராத்திரி லாரியில் வந்து
கோழிக்கழிவையும் இடித்த சுவரையும்
கொட்டிவிட்டுப் போனது.
அப்புறம் வயலில் மஞ்சள் கல் ஊன்றிக்
கொடி கட்டியது: மதுரைக்கு மிக அருகில்!
நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.
சென்னையில் யாராவது கேட்டால்
ஊர்ப்பெயரை முழுங்கிவிட்டு
மதுரை என்றுதான் சொன்னோம்.

விளக்குக் கம்பம் பாலத்தோடு சரி.
டவுன்பஸ்ஸும் அங்கேயே திரும்பிவிடும்.
ராத்திரி தொட்டிமேல் ஏறிப் பார்த்தால்
வெளிச்சம் ஓரிடத்தில்
அரிவாளால் சீவியதுபோல் நிற்கும்.
இந்தப் பக்கம் தவளைச் சத்தம்.
அதுவும் இப்போது குறைச்சல்.

"சேந்தா என் வேலை?" என்று எபினேசரிடம் கேட்டிருந்தேன்.
"கான்ட்ராக்டர் பாத்துக்குவாரு."
எதைப் பார்த்துக்கொள்வார் என்று கேட்கவில்லை.
ஐந்து மாதச் சம்பளம் வரவில்லை இங்கே.
போவதற்கு என்ன இருக்கிறது, இந்தச் சாவி தவிர?
தவிர, வால்வைத் திறந்ததும்
காலனிப் பக்கம் எழும்புகிற அந்தக் குடச்சத்தம்.
அதற்கு எந்த ஆபீசில் மனுக் கொடுப்பது?

தலைவி ஜெயசுதா கடைசியாக எழுந்தார்.
"தண்ணி வரலைன்னா இப்ப
என் வீட்டு வாசல்ல வந்து வையிறீங்க.
நாளைக்கு யாரை வைவீங்க?
பேரு தெரியுமா, வீடு தெரியுமா?
நல்லா யோசிச்சுக்கங்க."
சொல்லிவிட்டு
இணைய வேண்டும் என்று
முதல் கையைத் தூக்கினார்.

கூடம் அப்படியே நின்றது.
சிக்கந்தர் கை உயர்ந்தது.
பஞ்சவர்ணத்தின் கை பாதிவரை போய்
முந்தானையைச் சரிசெய்துகொண்டு இறங்கியது.
எபினேசர் எண்ணத் தொடங்கினார்,
விரல் நடுவில் தப்பியது,
மறுபடி ஒன்றிலிருந்து.

மணி நாலரை.
காலனிக்குத் திறக்க வேண்டும்.
எழுந்து வந்துவிட்டேன்.
இந்த வால்வுக்கு இரண்டு கையும் வேண்டும்.
முதலில் காற்றுதான் வரும்,
குழாய் செருமும்,
பிறகு துருநிறத்தில் கொஞ்சம்.

கூடத்தில் கைதட்டல்.
எந்தப் பக்கத்துக்கு என்று தெரியவில்லை.
உள்ளே நுழையும்போதே, டீ வாங்குவதற்கு முன்னால்,
பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தேன்.
மேலே முக்கால் பக்கம் வெறுமையாக இருந்தது.