நாற்பத்தொன்றாம் வரி

பள்ளி ஆலோசகர் படிப்பில் பாதி இதுதான்:
முப்பது நிமிடப் பதிவை எழுத்தாக்க
மூன்று இரவு.
இருமலையும் எழுத வேண்டும்.
மௌனம் என்றால் எத்தனை விநாடி என்று
அடைப்புக்குறிக்குள்.
பெயர் கூடாது. அவன் ‘மாணவர் நான்கு’.

சோமனூர்ப் பள்ளியில் எங்களுக்குக் கொடுத்தது
விளையாட்டுச் சாமான் அறை.
காற்றிறங்கிய வாலிபால்களுக்கு நடுவே
இரண்டு நாற்காலி.
சன்னலுக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன்,
எங்கள் பேச்சின் மேலேயே
தடக் தடக்கென்று ஓடும்.

பத்து நாளாக ஏன் வரவில்லை?
“ஒன்னுமில்லீங் மிஸ்.”
ராத்திரி தூங்குகிறாயா?
“ஒன்னுமில்லீங்.”
பதினொரு முறை. எண்ணிவிட்டேன்.

நாற்பத்தொன்றாம் வரியில் கரண்ட் போகிறது.
தறி நிற்கிறது.
அதற்குத்தான் காத்திருந்தவன்போல
“எங்கப்பன் வந்துங்...” என்கிறான்.
அதை மிதித்துக்கொண்டு என் குரல்:
“எல்லாம் சரியாயிடும், தைரியமா இருக்கணும்.”

அன்றைக்கு எனக்குக் கேட்கவே இல்லை.
ஹெட்போனில், எட்டாவது தடவைதான் கேட்டது.

கைடு மேடம் சிவப்பு மையில்
ஓரத்தில் எழுதியிருந்தார்:
‘இங்கே யாருக்குப் பயம்?’

செவிமடுத்தல் பற்றி நான்கு பக்கம் எழுதி
எண்பத்தாறு வாங்கியவள் நான்.

வியாழக்கிழமை வந்தான்.
உட்காரவில்லை.
ஒரு பந்தை எடுத்து அமுக்கிப் பார்த்தான்.
“இதுக்குக் காத்தடிக்கற பம்பு இருக்குங்களா மிஸ்?”
தெரியலையே, என்றேன்.

தேடினோம்.
பதிவில் இருபது நிமிடம்
சாமான் உருட்டும் சத்தம்தான்.
அதை எப்படி எழுதுவது என்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.