மூன்றாம் கூண்டு

வுப்பர்டாலில் ரயில்
தலைக்கு மேலே தொங்கிக்கொண்டு போகும்.
அதன் கீழே, ஃபோவிங்கலில், என் கடை.
நாலு நிமிசத்துக்கு ஒருமுறை
பருப்பு டப்பாக்கள் நடுங்கி அடங்கும்.

தொண்ணூற்றெட்டில் கடையின் பின்பக்கம்
நாலு ரெலிபோன் கூண்டு.
பலகையும் கண்ணாடியும் நானே அடித்தது.
பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர்,
அரை மணிக்கு மூன்று மார்க்.
மோடம் கத்தத் தொடங்கினால்
மூன்றாம் கூண்டில் லைன் அறும்.
ஏன் என்று வந்து பார்த்த ஒருவனுக்கும் விளங்கவில்லை.

ஹம்பேர்க்கில் விற்கிற ஒரு ரேடியோவைப் பார்க்க
சந்திரமூர்த்தி வந்தான்.
படம் மேலிருந்து இறங்கியது.
முதலில் அன்டெனா.
ஒரு தேத்தண்ணி குடித்து முடிய, கைப்பிடி.
குமிழ்கள் வருமுன் அரை மணி முடிந்தது.
"காசு குடுத்துப் பாதி ரேடியோ பார்த்தனான்" என்று
நகரமெல்லாம் சொல்லித் திரிந்தான்.
நாங்களும் சிரித்தோம்:
தட்டிப் பார்க்காமல்,
வெண்டிக்காய் நுனியை ஒடித்துப் பார்க்காமல்
எவன் வாங்குவான்?

இப்போது கூண்டுகளுக்குள் பொதிகள்.
கதவுகளைக் கழற்றிவிட்டேன்.
முதலாவதில் சில்லறைப் பொதிகள், இரண்டாவதில் சப்பாத்து,
நாலாவதில் திரும்பிப் போகிறவை:
ஒரே சட்டை மூன்று அளவில் வரும்,
இரண்டு திரும்பும். சிலவேளை மூன்றும்.
ஒரு பொதிக்கு எனக்கு முப்பது சதம் சொச்சம்.

நேற்று யோகநாயகி வந்தா.
போனை நீட்டினா, அதில் கறுப்புச் சதுரம்.
மூன்றாம் கூண்டிலிருந்து தூக்கிவந்தேன்.
ஐந்து கிலோ வரும்.
டேப்பையும் அட்டையையும் தாண்டி
வறுத்த மிளகாய்த்தூள் மணந்தது.
அதே தூள், அதே கம்பனி,
அவவின் முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி
என் தட்டில் இருந்தது.
இரண்டு பேரும் அந்தத் தட்டைப் பார்க்கவில்லை.
மிகக் கவனமாகப் பார்க்கவில்லை.

அடையாள அட்டை கேள் என்றது இயந்திரம்.
என் கடன் கொப்பியில் ஒரு முழுப் பக்கம் இவவுடையது.
"புளி எடுக்கேல்லையே,
போன மாசத்தது முடிஞ்சிருக்குமே" என்பேன்,
நாக்கைக் கடித்துத் திரும்பி வருவா.
அந்த வேலையை இப்போது போன் பார்க்கிறது,
என்னைவிட நன்றாக,
இரவு இரண்டு மணிக்கும்.

பெயரை எழுத்து எழுத்தாய் வாசித்தேன்.
பிறந்த திகதியைச் சரி பார்த்தேன்.
"ரெண்டு யூரோ குறைவு, அண்ணை" என்றா
நான் கேட்காமலே.
"ஓம். விரலால இதில கீறுங்கோ."
நண்டு ஓடினமாதிரி ஒரு கையெழுத்து.

போகப் புறப்பட்டவ
கூண்டின் உள்பலகையைப் பார்த்து நின்றா.
பேனாவால் எழுதிய ஒரு இலக்கம்,
வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றினது,
பாதி அழிந்து இன்னும் கிடக்கிறது.
லைன் அறுந்த அன்று
"ஆர் இந்தக் கோதாரியைப் போட்டது?" என்று
வெளியே வந்து கத்தினது இவதான்.
அது சந்திரமூர்த்தியின் ரேடியோ நாள்.

"அந்த ரேடியோ பிறகு வந்ததோ?"
"இல்லை. ரவுனில போய்
தட்டிப் பார்த்து வாங்கினவன்.
ரெண்டு மாசத்தில பழுது."

சிரித்தா. பொதியை இடுப்பில் ஏற்றினா.
வாசலில் வெண்டிக்காய்ப் பெட்டி.
ஒன்றின் நுனியை ஒடித்தா, டக் என்றது.
அரைக் கிலோ.
சில்லறையாக எண்ணித் தந்தா.

கடை பூட்டும்போதுதான் கண்டேன்,
மிளகாய்த்தூள் தட்டின் திருகாணி கழன்றிருக்கிறது.
ரயிலின் வேலை.
ஆணிக்கடை மூடி ஆறு வருசம்.
போனில் தேடினேன்: பத்துத் திருகாணி, நாலு யூரோ.
எங்கே பெறுவீர்கள் என்று கேட்டது.
என் கடையின் பெயரை அழுத்தினேன்.

வியாழக்கிழமை
எனக்கு நானே பொதி கொடுப்பேன்.
முப்பது சதம் சொச்சம்.

மேலே கடைசி ரயில் போனது.
தட்டு ஒரு விரல் சரிந்தது.