நான்காம் தடம், பள்ளிகொண்டா

இரவு இரண்டு மணிக்கு மேல்
லாரிக்கும் லாரிக்கும் நடுவே கிடக்கிற நேரம்
எங்களுடையது.
ஃபாஸ்டேக் வந்தபின் கட்டை தானே எழுகிறது.
மக்கர் செய்யும் அட்டைகளுக்கும்
சில்லறை எண்ணித் தருகிறவர்களுக்கும்
நான்காம் தடத்தில் நான்,
ஐந்தில் பேரணாம்பட்டு ஃபைரோசா.

நம்பர் பலகையில் எண்களைத் தள்ளிவிடு.
மிஞ்சும் நான்கு எழுத்தும்
ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் இருக்கவேண்டும்,
முன்பின்னாக இருந்தால் பாதகமில்லை.
சொல் எத்தனை நீளமோ அத்தனை மார்க்.
தோற்றவர் விடியலில் டீ வாங்கணும்.
குழம்பாமல் இருக்க
ஒன்று தமிழ்நாட்டு டி, இன்னொன்று டீசல் டி.
பி என்றால் பிரியாணி பி.

கே.ஏ., எம்.ஹெச்.: பெங்களூர்க் கார்.
'ஹால்மார்க்' என்றேன், எட்டு.
கண்ணாடியைத் தட்டி
'வொர்க்மேன்ஷிப்' என்றாள், பதினொன்று.
அவள் அண்ணன் ஆம்பூரில் ஷூ கம்பெனி.
திரும்பி வரும் பெட்டிகளின் மேல்
'புவர்' என்று தொடங்கி
அந்தச் சொல் ஒட்டியிருக்குமாம்.

முள்ளுக்கத்திரி மூட்டைகளோடு ஒரு மினி லாரி,
டி.என்., சி.ஒய்.
'கான்ஸ்டிடியூவன்சி'
இருவரும் ஒரே மூச்சில்.
தேர்தல் முடிந்து மூன்று வாரம்தான்,
யார் வாயிலும் வரும். செல்லாது என்று அடித்துவிட்டோம்.

வேலூருக்குப் பறக்கும் ஆம்புலன்ஸ் என்றால்
ஆட்டம் இல்லை.
அதன் பலகையை நாங்கள் படிப்பதில்லை.
இது யாரும் போட்ட விதியல்ல.

நேற்று மூன்றே கால்.
பழைய டெம்போ ஒன்று, டி.என்.,
பிரியாணி பி, டீசல் டி.
'டிஸ்டர்பன்ஸ்' என்று அவள் முந்தினாள். பதினொன்று.
நான் 'இன்டெட்டட்னெஸ்' என்றேன்.
"இதுல பிரியாணி எங்க?"
வாயில் வராது, எழுத்தில் உண்டு.
ரசீதின் முதுகில் பெரிதாக எழுதித் தூக்கிக் காட்டினேன்.
விரல்விட்டு எண்ணி, பத்து விரல் போதாமல்,
"பன்னெண்டு. எங்க படிச்சே?"

காட்பாடிக் கிளையிலிருந்து வந்த பதிவுத் தபாலில்
மூன்றாம் பத்தி.
நான்கு வருஷ மெக்கானிக்கலுக்கு வாங்கியதும்
அது போட்ட குட்டியும்.
அந்தப் பி-யை உச்சரிக்கக் கூடாதென்று
அன்றைக்கு அகராதி பார்த்துத் தெரிந்துகொண்டேன்.
வீட்டில் நாங்களும் உச்சரிப்பதில்லை.

"காலேஜ்ல" என்றேன்.

டெம்போ இன்னும் நின்றுகொண்டிருந்தது.
டிரைவருக்கு இருபது ரூபாய் குறைகிறது.
பின்சீட்டில் துழாவுகிறார், பாயைத் தூக்குகிறார்,
தூங்குகிற பையனின் சட்டைப்பையில் கைவிடுகிறார்.
என் இருபதை வைத்துக் கட்டையைத் தூக்கினேன்.
எழுத்து கொடுத்த வண்டி.

டீ அவள் கணக்கில்.
பேரணாம்பட்டு பஸ்ஸில் ஒரு கால் வைத்தவள்
திரும்பிக் கத்தினாள்:
"அபாண்டன்மென்ட்! அதுலயும் நாலும் இருக்குடா!"
கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.
ஜன்னல் வழியே தலை நீட்டி,
"ஆனா பதினொண்ணுதான்."