நெறி கட்டிய மாதம்

இரவு ஒன்றரைக்கு
இரட்டைக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி
கணக்கெடுக்கிறேன்.
தாடைக்குக் கீழே இரண்டு.
இடது காதுக்குப் பின்னால் ஒன்று,
அது பழையது, நோன்புக்கு முன்பே வந்தது.
அக்குளில் புதிதாக ஒன்று,
விரல் பட்டதும் வழுக்கி உள்ளே போகிறது
வாடகை கேட்டால் ஒளிந்துகொள்பவனைப் போல.

நெறி கட்டியிருக்கு என்போம் எங்கள் பக்கம்.
காலில் முள் தைத்தால் தொடை இடுக்கில் கட்டும்,
முள்ளை எடுத்தால் வடிந்துவிடும்.
என் முள் எங்கே இருக்கிறதென்று
நான்கு வருடமாகத் தேடுகிறார்கள்.
அதுவரைக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்,
நீளமான பெயர்,
இன்சூரன்ஸ் படிவத்தின் கட்டத்துக்குள் அடங்காது.

டாக்டர் நாதியா அளவு கேட்பார்.
போன தடவை துவரை, இப்போது கொண்டைக்கடலை என்றேன்.
ஊறவைத்ததா, வைக்காததா?
அவர் சிரிக்கவில்லை. எகிப்துக்காரர், கடலை தெரிந்தவர்.
ஊறவைத்தது.
பதினான்கு மில்லிமீட்டர் என்று எழுதிக்கொண்டார்.

வயிற்றுக்கு அளவெல்லாம் கிடையாது.
ஆறு பெண்களுக்கு ஒரு கழிப்பறை.
கதவில் ரொவேனா ஒட்டிய அட்டவணைப்படி
எனக்கு ஐந்து நாற்பதிலிருந்து ஐந்து ஐம்பத்தைந்து.
என் குடலுக்கு வாசிக்கத் தெரியாது.
மூன்று மணிக்கு எழுப்பும்,
நாலேகாலுக்கு எழுப்பும்,
பிறகு ஜெசிந்தா உள்ளே குளித்துக்கொண்டிருக்கும்போது.
நான் கதவைத் தட்டுவதில்லை.
சுவரில் நெற்றியை வைத்து நிற்பேன்.
எப்படித்தான் தெரியுமோ,
தண்ணீரை நிறுத்திவிட்டு
துண்டோடும் தலை நுரையோடும் வெளியே வருவாள்.
இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.
ஒருநாள் அட்டவணையில் யாரோ
என் நேரத்தை அடித்துவிட்டு
எப்போது வேண்டுமானாலும் என்று எழுதியிருந்தார்கள்.
யார் கையெழுத்தென்று நான் ஆராயவில்லை.

பகலில் புஜைராவில் ஒரு டைப்பிங் சென்டர்.
மற்றவர்களின் மெடிக்கலுக்கு விண்ணப்பம் அடிக்கிறேன்.
பெயர், பாஸ்போர்ட் எண், தொழில்:
கொத்தனார், தையல்காரர், ஒட்டகம் மேய்ப்பவர்.
கழிப்பறைச் சாவி பக்கத்து கிராசரியில்.
தொலையாமலிருக்க அதை
ஒரு எவர்சில்வர் கரண்டியில் கட்டிவைத்திருக்கிறார் குஞ்ஞுமோன்.
கரண்டியோடு நான் ஓடுவதைப் பார்த்து
சமையலா என்பார்கள் டாக்ஸிக்காரர்கள்.
ஆமாம்.

தெர்மாஸில் கஞ்சி. உப்பு மட்டும்.
வயிற்றுப்பாட்டுக்குத்தானே இவ்வளவும் என்று
போனில் அண்ணன் பெருமூச்சு விடுகிறான்.
எவ்வளவு சரியாகச் சொல்கிறான் என்று
அவனுக்குத் தெரியாது.

நேற்று ஒருவர் வந்தார். கிரேன் ஆபரேட்டர்,
பெயர் மாசிலாமணி, திட்டக்குடி.
ஜூலை வெயில்,
கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டிருந்தார்.
நான் அடித்துக்கொண்டிருக்கையில்
அவர் விரல் தாடைக்குக் கீழே போனது,
அழுத்தியது, திரும்பியது, மறுபடியும் போனது.
அந்த விரலை எனக்குத் தெரியும்.
எக்ஸ்ரேயில் இது விழுமா மேடம்?
எது என்று நான் கேட்கவில்லை.
விழும் என்றும் சொல்லவில்லை, விழாது என்றும்.
பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தேன்:
என் கழுத்திலிருந்து எடுத்த சதையின் அறிக்கை,
இரண்டு முத்திரை,
மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டியது.
முதலில் ஒரு டாக்டரிடம் காட்டுங்கள்.
என்னவென்று எழுதி வாங்கி இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.
அப்புறம் அந்தப் பித்தானைக் கழற்றுங்கள்,
எனக்கே வேர்க்கிறது.

கழற்றினார். வலது பக்கம், பட்டாணி.
சமைக்காதது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது பார்த்து என் வயிறு.
ஒரு நிமிஷம், என்று கரண்டிக்கு ஓடினேன்.
ஒரு நிமிஷமில்லை, பதினெட்டு நிமிஷம்.
திரும்பி வந்தபோது
வரிசையில் மூன்று பேர் சேர்ந்திருந்தார்கள்.
என் நாற்காலிக்கு நேரே வந்த வெயிலை
கோப்பு ஒன்றால் மறைத்துப் பிடித்தபடி
அவர் அங்கேயே நின்றிருந்தார்.
அவசரமில்லை மேடம்.

கைபேசி எண் சொல்லுங்கள் என்றேன்.