பந்து அசையும்வரை

லெமுவேல் கிட்ரி,
உன்னை நேருக்கு நேர் பார்த்த நேரத்தையெல்லாம் கூட்டினால்
ஒரு மணி நேரம்கூட வராது.
ஏழு பருவம், பருவத்துக்கு இரண்டு ஆட்டம்,
ஒவ்வொரு முறையும் மூன்று நொடி, நான்கு நொடி.
உன் நெற்றிக்கும் என் நெற்றிக்கும் நடுவே
ஒரு பந்தின் நீளம்.

பந்து என் கையில்.
அது அசையும்வரை நீ அசையக் கூடாது.
விதி அப்படி.

உன் மனைவி கொரீனுக்குத் தெரியாத சிலது
எனக்குத் தெரியும்.
இடது கட்டைவிரலில் எடை ஏறினால் வலப்பக்கம் வருவாய்.
கடைசிக் கால்மணியில் உன் மூச்சில்
வெள்ளரி ஊறுகாய்த் தண்ணீர் வாடை;
தசைப்பிடிப்புக்குக் குடிப்பாயாம்.
மற்றவர்கள் என் தாயை ஏசுவார்கள்.
நீயோ குனிந்தபடியே,
'செனோபியாவுக்கு மூன்றாவது பல்' என்பாய்.
நான் சிரிப்பதற்குள்
மல்லாந்து கிடப்பேன்.

போர்ட் ஆர்தரில், எண்ணெய் ஆலைச் சுடர்
இரவிலும் அணையாத தெருவில் பிறந்தவன் நீ.
பள்ளிப் பேருந்தில் உனக்கு இரண்டு இருக்கை.
ஆறாம் சுற்றில் எடுத்தார்கள்,
அதுவும் வேறொருவனைக் கேட்டுக் கிடைக்காததால்.
முதல் சம்பளத்தில் அப்பாவுக்குப் பல்செட்.
இதையும் நீதான் சொன்னாய்,
மூன்று ஆட்டங்களில், துண்டு துண்டாக.

உன் வேலை ஆளைப் பிடிப்பதல்ல.
எங்களில் இருவரைச் சுமந்துகொண்டு
இருந்த இடத்தில் இருப்பது.
வெள்ளத்துக்குக் குறுக்கே போட்ட மணல்மூட்டை.
பின்னாலிருந்து ஒல்லிப் பையன் ஒருவன் பாய்ந்து வந்து
பந்தோடு ஓடுபவனைச் சாய்ப்பான்.
அரங்கம் அவன் பேரைக் கத்தும்.
நீ புல்லைத் துப்பிவிட்டு
மறுபடி குனிவாய்.

ஒரே ஒருமுறை.
க்ளீவ்லேண்டில், பனியும் மழையுமாய்க் கொட்டிய டிசம்பரில்,
நழுவிய பந்து உன் வயிற்றில் வந்து விழுந்தது.
ஒன்பது வருஷத்தில் முதல் தடவை
நீ ஓடினாய்.
நூற்றைம்பது கிலோ,
வாய் நிறையச் சிரிப்பு,
திருடன் போல இரு கையாலும் பந்தை அணைத்துக்கொண்டு.
பதினோரு கெஜம்.

துரத்திப் பிடித்தது நான்.
மார்பில் நீ வாங்கியதற்குக் கணக்கில்லை.
முதுகில் விழுந்த ஒரே அடி
என்னுடையது.
முழங்காலில் ஏதோ முறிந்த சத்தம்
ஆரவாரத்துக்கு நடுவிலும் எனக்குக் கேட்டது.
மார்ச்சில் நான்கு வரிக் கடிதம் அனுப்பி
உன்னை விட்டுவிட்டார்கள்.
நான் எழுத நினைத்தேன்.
எழுதவில்லை.

பத்தொன்பது வருஷம் கழித்து
ஹூஸ்டனில், நரம்பு மருத்துவரின் காத்திருப்பு அறையில்
நீ.
நானும் அதற்குத்தான் வந்திருந்தேன்.
ஐந்து சொல் சொல்வார்கள்,
கால்மணி கழித்துத் திருப்பிக் கேட்பார்கள்.
மறந்தால்தான் பணம் என்று வக்கீல் சொல்லியிருந்தார்.
நடிக்க வேண்டியிருக்கவில்லை.
ஆணி, எலுமிச்சை, புதன்கிழமை;
மற்ற இரண்டும் எங்கேயோ.
உனக்கு எத்தனை என்று கேட்டேன்.
'என்ன சொற்கள்?' என்றாய் மரியாதையாக.
என் பேர் கேட்டாய்.
ஓல்ஷெவ்ஸ்கி என்றேன்.
லிஃப்டில் இறங்கும்போது
இன்னொரு முறை கேட்டாய்.

வாகன நிறுத்தத்தில் செனோபியா காரைத் திருப்பப் போயிருந்தாள்.
என் சாவி கைநழுவித் தரையில் விழுந்தது.
எடுக்கக் குனிந்தேன்.
எதிரே நீயும் குனிந்தாய்,
கெட்ட முழங்காலோடு, மெதுவாக,
மூன்று விரல் சுடுதாரில் ஊன்றி.
நெற்றிக்கும் நெற்றிக்கும் நடுவே அதே நீளம்.
கண் என் முகத்தில் இல்லை,
கையில்.

இடது கட்டைவிரலில் எடை ஏறியது.

சாவி என் விரலடியில்.
வெயில் பிடரியில் ஏறுகிறது.
கார் ஒன்று ஒலியெழுப்பிச் சுற்றிப் போகிறது.
லெமுவேல்,
நான் இன்னும் அதை எடுக்கவில்லை.