எட்டு ஆடுகள்

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
எலிஸ் அவெனியூ நிலவறை வீட்டில்
என் பழைய கணினி மட்டும்
காய்ச்சல்காரனைப் போல மூச்சு வாங்குகிறது.
பாதங்களை அதன் விலாவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.
வீட்டுக்காரரின் ஹீட்டருக்கு இது எவ்வளவோ மேல்.

உள்ளே நாலாயிரம் ஊர்கள்
ஒரே நொடியில் தொடங்குகின்றன.
ஆறு குடியானவர்கள், ஒரு கூடாரம், எட்டு ஆடுகள்.
யார் மரம் வெட்ட, யார் ஆட்டை அறுக்க,
எந்த நொடியில் வீடு, எந்த நொடியில் லாயம்,
ஊருக்கொரு வரிசை,
சீட்டுக்கட்டாய்க் கலைத்துப் போட்டது.
பத்துக் குதிரைவீரரை முந்தி நிறுத்தும் ஊர் பிழைக்கும்.
மற்றவை அழியும், சத்தமில்லாமல்,
திரையின் ஓரத்தில் ஓர் எண்ணாக.
பிழைத்தவற்றை இரண்டிரண்டாய் வெட்டி ஒட்டுகிறேன்:
இதன் தலை, அதன் வால்,
நடுவில் ஒரு பிழை, வேண்டுமென்றே.

எழுநூறாம் தலைமுறையில்
ஒரு குடியானவள் பதினோரு நொடி சும்மா நிற்கிறாள்.
கோடரி தோளில். மரம் எதிரில்.
சோம்பல் என்று அதட்டி வேலைக்கு அனுப்பினேன்;
குதிரைகள் நான்கு நொடி பிந்தின.
மறுபடி நிறுத்தினேன், சரியாயிற்று.
அவள் நடந்தால் ஆட்டுக்காரனின் வழியில்
முட்டிக்கொள்கிறார்களோ என்னவோ.
நிரலைக் கேட்டால் சொல்லாது.
அதனிடம் விடை உண்டு, காரணம் கிடையாது.

(இந்த ஊருக்கு வந்தபோது எனக்கும் ஒரு வரிசை இருந்தது.
குளிர்க்கோட்டுக்கு முன்னால் மேசை வாங்கினேன்.
அதை விடுங்கள்.)

மேல்மாடி ரோமெலுக்கு முதியோர் இல்லத்தில் இரவு வேலை.
சனிக்கிழமை விடியலில்
சீருடையோடே ஆட உட்கார்ந்தான்,
சூரியகாந்தி விதையைக் கடித்தபடி.
எழுநூறு தலைமுறை என் விரல்நுனியில்.
நான்கு நிமிடம் பன்னிரண்டு நொடி,
அதற்குள் பத்துக் குதிரை. பார்க்கலாம்.

ஒன்றரை நிமிடத்தில்
அவனுடைய ஒற்றை வேவுக்காரன் வந்தான்.
சண்டை போடவில்லை.
என் ஆடுகளில் இரண்டை ஓட்டிக்கொண்டு போனான்.

அவ்வளவுதான்.
குடியானவர்கள் இல்லாத ஆட்டைத் தேடிப்
புல்லைப் பார்த்து நின்றார்கள்.
வீடு பிந்தியது. லாயம் பிந்தியது.
அந்தப் பதினோரு நொடிக்காரி மட்டும்
சொன்ன சொல் தவறாமல் சும்மா நின்றாள்.

வெட்சி, என்று கத்திவிட்டேன்.
புறத்திணை பன்னிரண்டையும் ஒப்பித்து
மார்க் வாங்கியவள் நான்!
முதல் பூ எது, முதல் வேலை எது:
அடுத்தவன் ஆநிரையை ஓட்டிக்கொண்டு வருவது.
என் நாலாயிரம் ஊர்களிலும் பக்கத்து ஊரே இல்லை.
எட்டு ஆடும் கடைசிவரை எட்டாகவே மேய்ந்தன.
ஆலையில்லா ஊரின் இலுப்பைப்பூ
அங்கே எவ்வளவு இனித்தது.

வெட்சி என்றால் என்ன, என்றான் ரோமெல்.
ஆடு திருடும் பூ, என்றேன்.
விதைத்தோலை உள்ளங்கையில் துப்பிவிட்டு
இன்னொரு ஆட்டம்? என்றான்.
அதிலும் தோற்றேன்.

அவன் தூங்கப் போனதும் நிரலில் ஒரு வரி சேர்த்தேன்:
எந்த நொடியிலும் யாராவது வரலாம்.
நாலாயிரம் ஊர்கள் திரும்பத் தொடங்கின.
முதல் தலைமுறையில் எல்லா ஊரும் பட்டினி.
ஜன்னலின் மேல்பாதியில் யாருடைய பூட்ஸோ
பனியை நொறுக்கிக்கொண்டு போயிற்று.
டீ போட்டுக்கொண்டு வந்து பார்க்கிறேன்,
நாற்பதாவதில்
கோடரி தோளில் இருக்க
அவள் மறுபடி சும்மா நிற்கிறாள்,
இந்த முறை
ஆடுகளின் பக்கத்தில்.