இரண்டரை சதவீதம்

ஸ்டாக்ஹோமிலிருந்து மெட்டு வந்தபோது
இரவு ஒன்று நாற்பது.
பாடியனுப்பிய ஆளுக்கு எங்கள் மொழி தெரியாது.
லா லா, நா நா, நடுவில் ஒரு பெருமூச்சு,
பல்லவி முடிகிற இடத்தில் எட்டு அசை காலி.

விடிவதற்குள் நிரப்ப வேண்டும்.
இதே மெட்டு எழுபது பேருக்குப் போயிருக்கிறது.
எழுபது அறைகளில்
ஒரே பெருமூச்சின் மீது
வேறு வேறு ஆளை உட்கார வைத்துக்கொண்டிருப்பார்கள்.

என் அறை மாங்வொன் சந்தைக்குப் பின்னால்,
பாதி பூமிக்குள்.
சன்னலில் தெரிவது போகிறவர்களின் கணுக்கால்.
கணுக்கால்களை வைத்தே ஆறு காதல் பாட்டு எழுதினேன்.
ஆறும் திரும்பி வந்தன.

காதலிக்கிறேன் என்பதற்கு 'சாராங்ஹே', மூன்று அசை.
மரியாதைக்கு ஒரு 'யோ' சேர்த்தால் நான்கு.
இரண்டு முறை சொன்னால் எட்டு.
கச்சிதம்தான்.
எழுபதில் அறுபது பேர் இந்நேரம்
இரண்டு முறை சொல்லி முடித்துவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

கதவோரம் பார்த்தேன்.
சொக்-ஜூவின் குடை.
கறுப்பு, கம்பி ஒன்று வளைந்தது.
போன ஜூலை மழையில், ஹாப்ஜாங் நிலைய வாசலில்
என் கையில் திணித்துவிட்டு
பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான்.
நனைந்தபடி ஓடுகிறவனை
யார் சந்தேகப்படுவார்கள்?
சண்டை இல்லை. கடைசி வார்த்தை என்றும் ஒன்றில்லை.
நான் அனுப்பிய செய்தியின் பக்கத்தில்
இன்னும் படிக்கவில்லை என்று சொல்லும் மஞ்சள் 'ஒன்று'
அணையாமல் எரிந்துகொண்டிருந்தது.

எழுதினேன்:
உன் குடை இன்னும் என்னிடம்.

மீதி இருபத்தெட்டு வரியும் எழுதினேன், நிலா உட்பட.
நிறுவனம் இருபத்தெட்டையும் வெட்டியது.
நிலா வேறொரு குழுவுக்குக் கொடுத்தாகிவிட்டதாம்.
குடை தப்பியது.
மற்ற நால்வரின் வரிகளுக்கு நடுவே
அதை விரித்து வைத்தார்கள்.
பெயர்ப் பட்டியலில் மோ யோன்-ஹ்வா, ஐந்தில் நான்காவது.
பங்கு இரண்டரை சதவீதம்.

பாட வந்தவன் தாக் இன்-ஹா, பத்தொன்பது வயது.
பன்னிரண்டில் கண்ணாடிச் சுவர் அறைக்குள் போனவன்.
யாரையும் காதலிப்பதில்லை என்று
ஒப்பந்தத்தின் பதினோராம் பக்கத்தில் கையெழுத்திட்டவன்.
பதினேழு முறை பாடினான்.
ஒவ்வொரு முறையும், 'இன்னும்' வரும் இடத்தில்
"இன்னும் வலிக்கட்டும்" என்றார் ஒலிப்பதிவு செய்தவர்.
இடைவேளையில் பேரிக்காய்ச் சாறு உறிஞ்சியபடி
மெதுவாக என்னிடம் கேட்டான்:
"அக்கா, ஒரு சந்தேகம்.
திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே?"

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.
பதினெட்டாம் முறை
அந்தச் சந்தேகத்தோடே பாடினான்.
அதைத்தான் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்தது எதுவும் என் கையில் இல்லை.
சாண்டியாகோவில், சொட்டு மழையில்லாத இரவில்,
நாற்பதாயிரம் பேர் கறுப்புக் குடை விரித்தார்கள்.
கைபேசித் திரையில் பார்த்தேன்:
பல்லில் கம்பி கட்டிய ஒரு சிறுமி
ஊசான், ஊசான் என்று அழுதுகொண்டே பாடுகிறாள்.
எங்கள் ஊரில் அது வெறும் குடை.
அவள் அதை யாரோ ஒருவன் பெயர் என்று நினைத்திருக்கலாம்.
எனக்கும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தது.

டிசம்பரில் ஒரு காலை
மஞ்சள் ஒன்று அணைந்தது.
பதில்:
"பாட்டுக் கேட்டேன். டாக்ஸியில், காய்கறிக் கடையில்,
பல் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருக்கையில்கூட.
அது என் குடை இல்லை.
அலுவலகத்துக் குடை.
சம்பளத்தில் எட்டாயிரம் வொன் பிடித்துக்கொண்டார்கள்."

வேறு ஒரு வார்த்தை இல்லை.
ஒரு 'யோ' மட்டும் இருந்தது, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும்,
புதிதாக, மரியாதையாக.

முதல் பங்குத் தொகை வந்த அன்றே
எட்டாயிரம் அனுப்பினேன்.
குறிப்பு எழுதும் கட்டத்தில் 'குடை' என்று போட்டேன்.
மீதி இடம் காலி.

இப்போது அது நான் வாங்கிய குடை.
நேற்று மழையில் எடுத்துப் போனேன்.
கம்பி வளைந்த பக்கம்
தோள் நனைந்தது.